வேலில் விழுந்த மூன்று பட்டை

"கழுவிய சாமானைக் கையால் தொடாதீர்கள்" என்று பட்டறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். சிவப்பு பெயிண்ட், கொட்டை எழுத்து. செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் அடிக்கும். வருகிறவர்கள் அதை வாய்விட்டுப் படிக்கிறார்கள். படித்து முடித்த கையோடு தொட்டியோரம் வைத்திருக்கும் சாமானைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "நல்லா பளபளன்னு வந்திருக்கே மேடம்" என்கிறார்கள். என் ஆயுளில் பாதி இந்த ஒரு வாக்கியத்தைக் கத்தியே போய்விட்டது. மீதிப் பாதி அதையே என் வீட்டுக்காரரிடம் கத்திப் போய்க்கொண்டிருக்கிறது.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மந்தாரக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. இரும்புச் சாமான்களுக்கு நிக்கலும் ஜிங்கும் முலாம் போட்டுத் தருகிறோம். பைக் சைலன்சர், கட்டில் கால், காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரி உடைக்கிற மெஷினின் பாகங்கள், இப்படி. என் வீட்டுக்காரர் இங்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட்டு இங்கே வந்தோம். நான் கோயம்புத்தூர்ப் பக்கம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் என் அண்ணனுடைய முலாம் பட்டறையில் வேலை பார்த்தவள். ஆகவே இங்கே முதலாளி, கெமிஸ்ட், வாட்ச்மேன், திட்டுகிற ஆள் எல்லாம் நான்தான். அவர் கரண்ட் கொடுக்கும் ரெக்டிஃபையரின் ஸ்விட்சைப் போடுவார், அணைப்பார், நடுவில் டீ குடிக்கப் போவார்.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் இப்படிக் கத்துகிறேன் என்பது புரியாது. தங்கமும் வெள்ளியும் சாது. இரும்பு, துத்தநாகம், அலுமினியம் எல்லாம் பரபரப்புப் பேர்வழிகள். பள்ளிக்கூடத்தில் மயில்துத்தத் தண்ணீரில் ஆணியைப் போட்டுக் காட்டியிருப்பார்களே, கரண்ட் கிரண்ட் ஒன்றும் இல்லாமலேயே ஆணி செம்பு நிறமாகிவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். விரலால் துடைத்தால் அத்தனையும் விரலோடு வந்துவிடும். அதனால் இரும்புக்கு முலாம் போடுவதில் பாதி வேலை முலாம் போடுவதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். பாலிஷ் பிடிக்க வேண்டும். சூடான காஸ்டிக்கில் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வேண்டும். கழுவி, ஆசிட்டில் முக்கி, மறுபடி கழுவ வேண்டும். எடுத்துப் பார்த்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாக வழிய வேண்டும். வழிந்ததும், துரு தலைகாட்டுவதற்குள், கரண்ட் ஏற்றியபடியே முதல் பூச்சுக்கான தொட்டியில் இறக்கிவிட வேண்டும். அங்கே மெல்லிசாக ஒன்று பிடித்த பிறகுதான் பெரிய தொட்டி. நடுவில் ஒரு விரல் பட்டால் போதும், அந்த இடத்தில் முலாம் கொப்புளம் விட்டு உரியும்.

இதோடு ஊரில் பறக்கிற சாம்பல் வேறு. அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி யாரையும் கேட்டுக்கொண்டு ஊதுவதில்லை. கதவைச் சாத்தி, ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டி, தொட்டிகளுக்கு மூடி போட்டு நான் படுகிற பாட்டைக் காற்று ஒரே வீச்சில் கெடுத்துவிட்டுப் போகும். வெளிச் சாம்பலைக்கூடச் சமாளித்துவிடலாம். வீட்டுக்குள் இருக்கும் சாம்பலைத்தான் என்னால் சமாளிக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் விபூதிப் பிரியர். புது கேஸ் சிலிண்டர் வந்தால் விபூதி. பைக்குக்கு பெட்ரோல் போட்டு வந்தால் விபூதி. ரெக்டிஃபையருக்குப் போட்டுப் போட்டு, ஆம்பியர் காட்டுகிற முள்ளே தெரியாமல் போய், நான் ஒரு நாள் முழுக்கத் துடைத்தேன். "ஒரு நல்ல காரியம் பண்ணா குத்தமா?" என்று அன்றைக்கு முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

பங்குனி உத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் தெருத் தம்பி ஒருவர் துண்டில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்துவதை வாரிப் போடும் வேலை. சொந்த ஊர் காடாம்புலியூர்ப் பக்கம். இங்கே மனைவி, ஒரு பெண் குழந்தையோடு வாடகைக்கு இருக்கிறார். மஞ்சள் வேட்டி கட்டி, கழுத்தில் மாலை போட்டிருந்தார். துண்டைப் பிரித்தால் ஒரு வேல். கை நீளத்துக்கு, சுண்டு விரலைவிட மெல்லிசான கம்பி. நுனி கூர்மை. மேலே திருகி மாட்டுகிற மாதிரி இலை வடிவத் தகடு. வேலை செய்யும் இடத்தில் கூட்டாளிகள் சாப்பாட்டு நேரத்தில் இழைத்துக் கொடுத்ததாம். நல்ல வேலைப்பாடுதான். ஆனால் மேலெல்லாம் கருப்பும் துருவும்.

"பாப்பாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரில கெடந்துச்சில்லக்கா, அப்ப வேண்டிக்கினது," என்றார். "எங்க காவடிக் குழுவுல மத்தவங்கல்லாம் வெள்ளி வேலு, பித்தள வேலு வெச்சிக்கினு இருக்காங்க. எல்லாம் பெர்மனென்ட்டு ஆளுங்க. நம்மளுது கரிக்கம்பி மாரி இருந்தா பாப்பா மொகம் செத்துப் பூடும். கொஞ்சம் பளபளன்னு பண்ணிக் குடுங்கக்கா."

அந்தக் குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அதன் அம்மா அழுத அழுகையை இன்னும் மறக்கவில்லை. காவடியின் மேல் நட்டுக்கொண்டு போவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மறு கேள்வி கேட்காமல் வாங்கி வைத்தேன்.

இரண்டு நாள் பாலிஷ் பிடித்தேன். சொன்னால் நம்புங்கள், கட்டில் காலுக்கும் சைலன்சருக்கும் நான் அப்படி உழைத்ததில்லை. இலையின் விளிம்பு கண்ணாடி மாதிரி வந்தது. காஸ்டிக், தண்ணீர், ஆசிட், தண்ணீர் எல்லாம் ஆயிற்று. தூக்கிப் பிடித்தேன்; தண்ணீர் ஒரே படலமாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மெக்கானிக் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிக்கிறான். நிறுத்தாமல் அடிக்கிறான். டீக்கடையிலிருந்து அப்போதுதான் என் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"என்னங்க, கையுறையப் போடுங்க. ஸ்விட்சப் போட்டுட்டு இதை அப்படியே இந்தத் தொட்டியில இறக்குங்க. அவ்வளவுதான். வேற எதுவும் செய்யாதீங்க" என்று தண்ணீர்த் தொட்டிக்குள் வேலை முக்கி வைத்துவிட்டு ஓடினேன். வேலியோரம் அந்தத் தம்பியின் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. ஆளைக் காணவில்லை. மெக்கானிக்குக்கு வேண்டியது ஒன்றுமில்லை. எப்போது தருவீர்கள் என்று கேட்க வந்தானாம். போனில் கேட்டால் வாய் வலிக்குமா?

திரும்பி வந்தபோது வேல் முதல் தொட்டியில் இருந்தது. நேரம் பார்த்து எடுத்துப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். அப்புறம் வெளியே எடுத்துக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். வேல் முழுக்க வெள்ளி மாதிரி மின்னுகிறது. இலையின் நடுவில் மட்டும் மூன்று பட்டை. பளபளப்பு இல்லாமல், சாம்பல் பூத்த மாதிரி, குறுக்காக, வரிசையாக. நடுப் பட்டையின் மேல் ஒரு வட்டப் பொட்டு.

"என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"சாமி சத்தியமாச் சொல்லுங்க."

சத்தியம் என்றதும் மனிதர் நெளிந்தார். "சாமி சாமானும்மா. அதை வெறுமனே கெமிக்கல்ல இறக்குனா நல்லாவா இருக்கும்? லேசா விபூதி பூசி, ஒரு பொட்டு வெச்சு, அப்படியே கம்பி நெடுகத் தடவிக் கும்பிட்டுட்டு விட்டேன்."

"கையுறை?"

"கையுறை போட்டுக்கிட்டு யாராச்சும் விபூதி பூசுவாங்களா?"

"சரி, விபூதிக்கு முன்னாடி கையில என்ன இருந்துச்சு?"

கொஞ்சம் யோசித்தார். "வாழக்கா பஜ்ஜி."

நான் தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே, கையுறையோடு. பஜ்ஜி எண்ணெய்! கம்பி நெடுகத் தடவினாராம்! அப்படியென்றால் இலையில் மட்டும் இல்லை, கம்பியிலும் அங்கங்கே முலாம் ஒட்டியிருக்காது. மேலே பளபளப்பாக மூடிக்கொண்டு உள்ளே விட்டுப்போய் இருக்கும். முலாமை அப்படியே ஆசிட்டில் உரித்துவிட்டு, முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான் என்று திரும்பினேன். வாசலில் அந்தத் தம்பி நிற்கிறார்.

வேலைப் பார்த்தார். இரண்டு கையும் தலைக்கு மேலே போயிற்று. "முருகா!" என்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்துவிட்டார்.

"எழுந்திருப்பா! தரையெல்லாம் ஆசிட்! வேட்டி ஓட்டையாப் போகும்!"

எழுந்திருக்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. நான் விளக்கம் சொல்ல வாய் எடுத்தேன். பக்கத்தில் பார்த்தால், பஜ்ஜி தின்ற கையால் பட்டை போட்ட மகானுபாவர், அந்த வேலைப் பார்த்துக் கைகூப்பி நின்றுகொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரெக்டிஃபையரைத் தூக்கிப் போட்டிருப்பேன், கனமாக இருந்ததால் விட்டேன்.

"குடுப்பா, இதை உரிச்சுட்டு மறுபடி போட்டுத் தர்றேன்" என்றேன்.

"சாமி போட்ட பட்டைய அழிக்கறதாக்கா?" என்று கேட்டுவிட்டு, வேலைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு அவர் போயே விட்டார்.

சாயங்காலத்துக்குள் தெரு திரண்டுவிட்டது. அவர் வீட்டு முன்னறையில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பட்டுத் துணி, அதன்மேல் வேல். யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். மறுநாள் டவுன்ஷிப்பிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. டவுன்ஷிப்பில் நீங்கள் எந்த பிளாக் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு, பூவும் பழமுமாக வருகிறார்கள். வேலைக் கும்பிட்டுவிட்டு நேராக என் பட்டறைக்கு வேறு வந்து எட்டிப் பார்க்கிறார்கள். "இந்தத் தொட்டியா மேடம்?" என்று என் நிக்கல் தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் ஒரு அம்மா. மூடி போட்டிருந்தேனோ, பிழைத்தேன்.

ஒவ்வொருவரிடமும் சொன்னேன். தொண்டை கட்டச் சொன்னேன். இது எண்ணெய்ப் பிசுக்கு, எண்ணெய் இருந்தால் முலாம் ஒட்டாது, என் வீட்டுக்காரர் பஜ்ஜி தின்றார் என்று. எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் கேள்வி கேட்டார்.

"எண்ணெய்னே வெச்சுக்குவோம். அது சரியா பட்டை மாதிரி ஏன் விழணும்?"

"மூணு விரலால பூசினா பட்டை மாதிரிதான் விழும், வேற எப்படி விழும்?"

"பூசணும்னு அவர் மனசுல தோண வெச்சது யாரு மேடம்?"

நான் அடுத்து வந்தவரிடம் மறுபடி எண்ணெயிலிருந்து ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரரோ இந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு சுற்று பெருத்துவிட்டார். இரண்டு நாளாக அவருடைய நடையே வேறு மாதிரி இருந்தது.

போய்த் தொலையட்டும், கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள், எனக்கென்ன வந்தது என்று நானும் விட்டிருப்பேன். அந்தத் தம்பியின் மனைவி வந்தாள். பின்வாசல் வழியாக வந்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, குரலை இறக்கிக் கேட்டாள்.

"அக்கா, அந்தக் கம்பி வாயில போனா ஒண்ணும் ஆவாதில்ல?"

"வாயிலயா? எதுக்கு வாயில போகணும்?"

"அலகு குத்திக்கினு வரேன்னு வேண்டுதலுக்கா. இந்தக் கன்னத்துல குத்தி அந்தக் கன்னத்துல எடுப்பாங்க. சாமியே பட்டை போட்ட வேலு, இதைத்தான் குத்திக்கினு போவணும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தான் பயமா இருக்கு. அதுல தூளு தூளா உதிருது. தெனமும் தொடைக்கறேன், துணியில ஒட்டிக்கினு வருது."

கன்னத்தில் குத்தப் போகிறார் என்று தெரிந்திருந்தால் அந்தக் கம்பிக்கு நிக்கலே போட்டிருக்க மாட்டேன். ஒட்டிய நிக்கலே சில பேர் தோலுக்கு ஆகாது. இதுவோ ஒட்டாத நிக்கல். உரிந்த முலாம் என்றால் ஏதோ பொடி என்று நினைக்காதீர்கள், விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். அது சதைக்குள் கழன்று தங்கினால் சீழ் பிடிக்கும். கன்னத்தைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். தினக்கூலி ஆள், வீங்கிய முகத்தோடு பெல்ட்டுக்குக் கீழே கரித்தூளில் நிற்பாரா? பெண்ணைக் காப்பாற்றச் சொல்லி வேண்டிக்கொண்டு, இவர் போய் ஆஸ்பத்திரியில் படுப்பாரா?

அவளையும் கூட்டிக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல கூட்டம். காவடிக் குழுவின் குருசாமியும் இருந்தார். அலகு குத்திவிடுவது அவர்தான். நான் யாரையும் கேட்காமல் வேலைக் கையில் எடுத்தேன். கம்பியில் நகத்தை வைத்து நெம்பினேன். ஒரு பொருக்கு அப்படியே எழும்பி நின்றது; என் விரல் நுனியைக் கீறி ரத்தமும் வந்தது. "பாருங்க!" என்று காட்டினேன். ரத்தத்தைப் பார்த்ததும் ஒரு பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அபச்சாரமாக எடுத்ததற்கு வேல் என்னைத் தண்டித்துவிட்டதாம்.

நான் விடவில்லை. பட்டறையில் முலாம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. செலோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிடுங்க வேண்டும். முலாம் டேப்போடு வந்தால் வேலை கெட்டது என்று அர்த்தம். வீட்டில் குழந்தையின் பள்ளிக்கூடப் பையில் டேப் இருந்தது. எல்லாரும் பார்க்கக் கம்பியில் ஒட்டினேன். பிடுங்கினேன். டேப் முழுக்க மின்னுகிற செதில்கள். உயர்த்திக் காட்டினேன். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

"அம்மா, அதை இப்படிக் குடுங்க" என்று குருசாமி கை நீட்டினார். கொடுத்தேன். பார்த்துப் புரிந்துகொள்ளப் போகிறார் என்றுதான் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றி, கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, துண்டு துண்டாக நறுக்கிச் சுற்றியிருந்தவர்களுக்குக் கொடுத்தார். பிரசாதம்! வாங்கிக்கொண்டு ஒருவர் மணிபர்ஸில் வைத்தார், ஒருவர் செல்போன் உறைக்குள் செருகினார். "மேடம், இன்னொரு தடவை டேப் போடுங்களேன், எங்களுக்கு வரலை" என்றார் பின்னால் நின்றவர்.

அட ராமா. இந்த ஜனங்களோடு நான் என்ன செய்வேன்?

அந்தத் தம்பியைப் பார்த்தேன். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். மாலை போட்டவர் என்பதால் எல்லாரும் அவரைச் சாமி, சாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முகத்தில் களையே இல்லை. ஒரு கை கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தது. கதவோரம் அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணெயும் டேப்பும் இனி உதவாது என்று தெரிந்துவிட்டது. நான் ஒரு பெருமூச்சு விட்டேன். தலைப்பை இழுத்துச் செருகினேன். பிறகு, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த இதே வாயால் சொன்னேன்.

"சரிங்க. நீங்க சொல்றதுதான் சரி. இது முருகனே போட்டுக்கிட்ட பட்டை. நான் ஒத்துக்கறேன்."

கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது. என் வீட்டுக்காரரும் எங்கேயோ பின்னால் நின்று கொண்டிருந்தார், அவருடைய "அப்படிச் சொல்லு!" எனக்குக் கேட்டது. அதைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

"ஆனா எனக்கு ஒரு சந்தேகங்க, குருசாமி. சாதா வேல்னா அது நாம சாமிக்குக் கொண்டுபோறது, அலகு குத்திக்கலாம். இது சாமியே பட்டை போட்டுக்கிட்ட வேல். அப்ப இனிமே இது வேல் இல்லை, சாமி. சாமிய வாயில வெச்சு எச்சில் பண்ணலாங்களா? எச்சில் ஒழுக ஒழுகத் தெருவெல்லாம் கொண்டு போகலாங்களா?"

குருசாமியின் கை தாடிக்குப் போயிற்று. கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே பெண்மணிதான் முதலில் வாய் திறந்தார். "ஆமால்ல? எச்சில் படக் கூடாதுல்ல?" பின்னால் இருந்தவரும் "தப்பு தப்பு" என்றார். குருசாமி வேலைப் பார்த்தார், அந்தத் தம்பியைப் பார்த்தார்.

"அம்மா சொல்றது நியாயம்" என்றார் கடைசியில். "இது வூட்டுல இருக்கட்டும் சாமி. பூஜைல வெச்சிடுங்க. அலகுக்குக் குழுவோட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலு இருக்குது, அதைப் போட்டுக்கலாம்."

தம்பி தலையை ஆட்டினார். அவர் மனைவி அங்கேயே கதவோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரை ஒரு பாட்டம் தீர்த்தேன். அதை இங்கே எழுத முடியாது.

பங்குனி உத்திரத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கூட்டம், புழுதி, மேளம் எதுவும் எனக்கு ஆகாது. ஆனாலும் போய்க் கோயில் ரோட்டோரம் ஒரு வேப்பமர நிழலில் நின்றேன். அவர் வந்தார். கன்னத்தில் எவர்சில்வர் வேல், முலாம் கிலாம் ஒன்றும் இல்லாத சுத்தமான கம்பி. பக்கத்தில் மஞ்சள் பாவாடை கட்டிய அவர் மகள், அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து நடந்தாள். அவர் என்னைப் பார்த்ததும் கண்ணால் கும்பிட்டார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். புழுதி என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்.

மாலையைக் கழற்றிய பிறகு ஒரு நாள் பட்டறைக்கு வந்தார். நான் முதலில் பார்த்தது கன்னத்தைத்தான். இரண்டு பக்கமும் கடுகளவு புள்ளி, காய்ந்து ஆறியிருந்தது. டீ கொடுத்தேன். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"திட்டுவேன். சொல்லு."

"சாரு வெபூதி பூசுனத நான் பாத்தேங்கா. அன்னிக்கி ஜன்னலாண்ட நின்னுக்கினு இருந்தேன்."

சைக்கிள் நின்றதே தவிர ஆள் இல்லாதது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"பாத்துட்டுமா தரையில விழுந்து கும்பிட்ட?"

"வெளிய எடுத்தீங்க பாருங்க, அந்தப் பட்டை அப்பிடியே நின்னுச்சி. அப்ப நெசமாலுமே ஒடம்பு சிலுத்துப் பூட்டுது. சத்தியமாக்கா. வூட்டுக்குப் போயி குந்துனப்புறம்தான், சாரு பூசுனதாச்சேன்னு ஒறச்சுது. அதுக்குள்ள ஜனம் வந்துட்டாங்க."

"அடப்பாவி! அப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதானே? அந்தக் கம்பிய வாயில குத்திக்கறேன்னு ஒத்துக்கிட்டு நின்னியே, உன் பொண்டாட்டி பயந்து செத்தா!"

"நானுந்தாங்கா பயந்து செத்தேன். எப்பிடி எறங்கி வர்றதுன்னு தெரியல. நீங்க எச்சில்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சி."

நான் எழுந்து இரண்டு நடை நடந்தேன். இருக்கிற கோபத்தையெல்லாம் யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. இத்தனை பேருக்கும் தொண்டை கிழிய உண்மையைச் சொன்னவள் நான். எங்கள் இரண்டு பேரைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறான். கடைசியில் ஊரறியப் பொய் சொன்னதும் நான்!

"அந்த வேலை எடுத்துக்கிட்டு வா" என்றேன். "வாயிலதான் போகப் போறதில்லையே. உரிச்சுட்டு, நானே பக்கத்துல நின்னு ஒழுங்கா முலாம் போட்டுத் தர்றேன். பேரன் காலம் வரைக்கும் உரியாது. பட்டறையில இருந்து அந்த மாதிரி கெட்ட வேலை வெளிய போனதில்லை, எனக்குத் தூக்கம் வரலை."

அவர் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"இத்தினி வருசமா இந்த ஊர்ல பெல்ட்டு கூட்டறேங்கா. டவுன்ஷிப் பிளாக்குல இருந்து ஒருத்தர் என் வூட்டுப் படி ஏறுனதில்ல. இப்பவும் வெள்ளிக்கெழம ஆனா கார்ல வராங்க. செருப்ப வெளியவே வுட்டுட்டு, 'உள்ள வரலாமா'ன்னு என்னியக் கேட்டுட்டு வராங்க. பாப்பாதான் அவங்களுக்கு வெபூதி குடுக்குது." கொஞ்சம் சிரித்தார். "நீங்க ஒழுங்கா முலாம் போட்டுட்டீங்கன்னா, அப்புறம் யாருக்கா என் வூட்டுக்கு வரப்போறாங்க?"

அவர் டம்ளரில் இன்னொரு டீ ஊற்றினேன். அந்தக் கெட்ட வேலையை அப்படியே விட்டுவிட்டேன். எனக்கு அது பழக்கமில்லை.